கோஷம் நம்முடையது, கொள்ளை லாபம் யாருடையது?

இரண்டாவது ஷிப்ட் முடிந்து மில் கேட்டுக்கு வெளியே வருகிறார்கள் தொழிலாளர்கள். காதில் இன்னும் மெஷின் இரைச்சல் ஓயவில்லை. தலைமயிரில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீக்கடை பெஞ்சில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் பத்து ரூபாய் மிக்சர் பாக்கெட். மறு கையில் செல்போன். பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுகிறார், சிரிக்கிறார், அடுக்குமொழியில் இரண்டு வரி சொல்கிறார். சரியாக வரவில்லையென்று மறுபடியும் சொல்கிறார். ஆறாவது தடவையில்தான் அவருக்குத் திருப்தி ஏற்படுகிறது.

"என்ன தம்பி செய்கிறாய்?" என்று கேட்டால், பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டுகிறார். பக்கத்து டவுனில் உள்ள ஒரு சின்ன மிக்சர் கம்பெனி அழைப்பு விடுத்திருக்கிறது. "எங்கள் மிக்சருக்குப் பத்தே வார்த்தையில் ஒரு கோஷம் சொல்லி வீடியோ எடுத்து அனுப்புங்கள்! உங்கள் நண்பர்கள் அனைவருக்கும் பகிருங்கள்! வெற்றி பெறுபவருக்கு ஆச்சரியப் பரிசு!"

ஆச்சரியப் பரிசு என்னவென்று விசாரித்தால் அதுவும் மிக்சர்தான். ஒரு அட்டைப் பெட்டி நிறைய!

"இதிலென்ன தப்பு? பையன் ஆசைக்குச் செய்கிறான். கம்பெனியோ சின்னது. இதற்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வாலிபர் மீது நமக்குக் கோபம் இல்லை. அவர் திறமைசாலி. அந்தச் சின்ன முதலாளியும் நம்முடைய முதல் விரோதி அல்ல. ஆனால் இந்தப் பத்து வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் சூட்சுமத்தைத் தொழிலாளி வர்க்கம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இது மிக்சரோடு நிற்கிற விஷயம் அல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

ஒரு விளம்பரம் தயாராக வேண்டுமானால் என்னென்ன வேலை நடக்க வேண்டும்? கோஷத்தை எழுத ஒருவர் வேண்டும். அதைச் சொல்லி நடிக்க ஒருவர் வேண்டும். படம் பிடிக்க ஒருவர், வெட்டி ஒட்ட ஒருவர், ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் வேண்டும். ஒரு காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எழுத்து எழுதிய பெயின்டருக்குக் கூலி இருந்தது. நோட்டீஸ் அச்சடித்த அச்சுத் தொழிலாளிக்குக் கூலி இருந்தது. தமுக்கடித்துத் தெருவில் சொல்லிக்கொண்டு போனவருக்குக்கூட ஒரு படி அரிசி கிடைத்தது.

இன்று அத்தனை பேருடைய வேலையையும் அந்த ஒரு வாலிபர் செய்கிறார். அதுவும் எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்து செய்கிறார். செல்போன் அவர் தவணையில் வாங்கியது. டேட்டாவுக்குப் பணம் அவர் கட்டியது. மிக்சரையும் அவர்தான் காசு கொடுத்து வாங்கினார்! கம்பெனி போட்ட முதல் என்ன? பாக்கெட்டில் நான்கு வரி அச்சு. அவ்வளவுதான்.

ஆயிரம் பேர் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பரிசு. மீதி 999 பேருக்கு? பூஜ்யம். ஆனால் அந்த 999 பேரும் வேலை செய்யாமல் இருந்தார்களா? ஒவ்வொருவரும் ஒரு கோஷம் எழுதினார்; ஒரு வீடியோ எடுத்தார்; தன் சிநேகிதர்கள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். ஆயிரம் பேருடைய வாயும் ஒரே சரக்கின் பெயரை உச்சரித்தது. கம்பெனிக்கு வேண்டியது அதுதானே! பரிசு பெற்ற கோஷத்தைவிடப் பரிசு பெறாத 999 கோஷங்களே அதற்கு அதிக லாபம்.

மில்லில் பதிலித் தொழிலாளி கேட்டில் நிற்கிறாரே, அந்த அநியாயத்தை நாம் அறிவோம். காலையில் வந்து காத்துக் கிடக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் கூலி, இல்லாவிட்டால் வீட்டுக்கு நடை. ஆனால் பதிலிக்குக்கூட உள்ளே போனால்தான் வேலை. வேலை செய்தால் கூலி. இங்கே என்ன நடக்கிறது? ஆயிரம் பதிலிகளையும் உள்ளே விட்டு, ஆயிரம் பேரையும் முழு ஷிப்ட் வேலை வாங்கிவிட்டு, சங்கு ஊதும்போது "உங்களில் ஒருவருக்கு மட்டும்தான் கூலி" என்கிறான்! இப்படி எந்த மில்லிலாவது நடந்தால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொன்றும் உண்டு. இத்தகைய போட்டிகளுக்குப் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனைப் பட்டியல் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அனுப்பிய கோஷம், படம், குரல், முகம் ஆகிய அனைத்தையும் கம்பெனி இஷ்டம்போல் உபயோகிக்கலாம், அதற்குப் பணம் கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பட்டியலின் வழக்கமான சாரம். பரிசு கிடைக்காதவர் எழுதியதும் இதில் அடக்கம். ஒரு வரி எழுதி அனுப்பினால், அனுப்பிய கணத்தில் அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது!

கடல் கடந்த கதை

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது பக்கத்து டவுன் மிக்சர் முதலாளி அல்ல. பெரிய திமிங்கலங்களிடம் அவர் கற்றுக்கொண்டது இது.

அமெரிக்காவில் பிரிட்டோ-லே என்றொரு கம்பெனி இருக்கிறது. பெப்சிகோ என்ற ராட்சதக் கம்பெனியின் தின்பண்டப் பிரிவு அது. டோரிட்டோஸ் என்ற மக்காச்சோள வறுவலுக்காக 2006-ல் அது ஒரு போட்டியை அறிவித்தது. ஜனங்களே விளம்பரப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சிறந்ததை, அந்த நாடே உட்கார்ந்து பார்க்கும் சூப்பர் பவுல் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது காட்டுவார்கள். 2007 முதல் 2016 வரை ஆண்டுதோறும் இந்தத் திருவிழா நடந்தது. பிறகு நிறுத்தினார்கள்; 2025-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

2009-ல் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த, வேலையில்லாத சகோதரர்கள் இருவர் எடுத்த படம் பார்வையாளர் கணிப்பில் முதலிடம் பெற்று 10 லட்சம் டாலர் பரிசை வென்றது. "பார்த்தீர்களா, வேலையற்றவனும் ஒரே நாளில் லட்சாதிபதி ஆகலாம்!" என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த ஆட்டத்தில் 30 விநாடி விளம்பர நேரத்தின் விலையே சுமார் 30 லட்சம் டாலர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நேரத்துக்கு 30 லட்சம் கொடுக்கக் கம்பெனி தயார். அந்த நேரத்தை நிரப்பும் மூளைக்கு மட்டும் லாட்டரிச் சீட்டு! ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்து அனுப்ப, ஒரு சிலருக்குப் பரிசு.

அதே கம்பெனி 2012-ல் லேஸ் உருளைக்கிழங்கு வறுவலுக்கு "புதுச் சுவை சொல்லுங்கள்" என்று அமெரிக்க ஜனங்களிடம் கேட்டது. 38 லட்சம் யோசனைகள் வந்து குவிந்தன. பரிசு 10 லட்சம் டாலர், அல்லது அந்தச் சுவையின் நிகர விற்பனையில் 1 சதவீதம். அந்தப் 10 லட்சத்தை 38 லட்சம் யோசனைகளுக்கும் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு யோசனைக்கு சுமார் 26 சென்ட். அதாவது கால் டாலர்! எந்த ஊர்க்காரனுக்கு எந்தச் சுவை பிடிக்கும் என்று வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தால் கம்பெனி எவ்வளவு கூலி கொடுத்திருக்க வேண்டும்? அந்த விசாரணையை ஜனங்களே செய்து, தங்கள் கைப்படவே எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். கோஷம் சொன்னவருக்கு மேடையும் மாலையும். சரி, அந்த வறுவலை வறுத்தவருக்கு?

கன்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்ற ஊரில் அதே பிரிட்டோ-லே கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. டோரிட்டோஸும் லேஸும் அங்கே தயாராகின்றன. 2021 ஜூலை 5-ல் அங்கே சுமார் 600 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். என்ன கேட்டார்கள்? பங்களாவா? மோட்டார் காரா? இல்லை, தோழர்களே! வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள்! வாரம் 84 மணி நேரம் வரை, அதாவது தினம் 12 மணி நேரம் வீதம் ஏழு நாளும் வேலை வாங்குகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். 12 மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனால், எட்டே மணி நேரத்தில் மறுபடியும் வந்து மெஷின் முன்னால் நிற்க வேண்டும். இந்த ஷிப்டுக்குத் தொழிலாளர்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'தற்கொலை ஷிப்ட்'.

கவனித்தீர்களா? அதுவும் ஒரு கோஷம்தான். கம்பெனியின் சரக்கைப் பற்றி ஜனங்கள் படைத்த கோஷங்களிலேயே மிகவும் உண்மையானது அதுதான். இரண்டே வார்த்தை. ஆனால் அதற்குப் பரிசு இல்லை! தொழிலாளர்கள் சொல்வதெல்லாம் மிகைப்படுத்தல் என்று கம்பெனி மறுத்தது. மூன்று வாரம் தொழிலாளர்கள் உறுதியாக நின்றார்கள். கடைசியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து 4 சதவீதக் கூலி உயர்வும், வாரத்தில் கட்டாயம் ஒரு நாள் ஓய்வும், தற்கொலை ஷிப்டுக்கு முடிவும் எழுதப்பட்டன.

ஒரு முப்பது விநாடிப் படத்துக்கு 10 லட்சம் டாலர் அள்ளிக் கொடுக்கும் கம்பெனியிடம், வாரத்துக்கு ஒரு நாள் உறங்குவதற்கு மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது! ஜனங்களின் குரலுக்குக் கம்பெனி எப்போது காது கொடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சரக்கைப் புகழ்ந்தால் காது கேட்கும். சரக்கைச் செய்கிறவன் பேசினால் காது அடைத்துப் போகும்.

நம் தேசத்துக்கு வந்தால்

இதே லேஸ் வறுவலுக்கு இந்தியாவிலும் 2009-10-ல் "உங்கள் சுவையைச் சொல்லுங்கள்" போட்டி நடத்தினார்கள். 50 லட்சம் ரூபாய்ப் பரிசு, விற்பனையில் 1 சதவீதப் பங்கு என்று தமுக்கடித்தார்கள். சுவை உங்களுடையது, தீர்ப்பு உங்களுடையது என்று டெலிவிஷனில் நடிகர்கள் சிரித்தார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இனிமேல் வருவதை நன்றாகக் கேளுங்கள். வறுவல் எதிலிருந்து வருகிறது? உருளைக்கிழங்கிலிருந்து. உருளைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து. குஜராத்தில் சாபர்காண்டா ஜில்லாவில் நான்கு விவசாயிகள் தங்கள் வயலில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 2019 ஏப்ரலில் பெப்சிகோ கம்பெனி அவர்கள் மீது அகமதாபாத் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. அவர்கள் பயிரிட்டது எப்.சி.5 என்ற ரகம். அந்த ரகம் 2016-ல் தங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. ஆகவே தங்கள் அனுமதியில்லாமல் அதைப் பயிரிட்டது குற்றம் என்றது கம்பெனி. நஷ்டஈடு எவ்வளவு கேட்டது தெரியுமா? ஒவ்வொரு விவசாயியிடமும் 1 கோடி ரூபாய்க்கு மேல்! சில ஏக்கர் நிலம் வைத்திருக்கும் சம்சாரியிடம் கோடி ரூபாய்!

2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு என்ன சொல்கிறது? விவசாயி தன் விளைச்சலையும் விதையையும் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடியும் விதைக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம், விற்கலாம். கம்பெனி முத்திரை போட்ட விதையாக விற்கக் கூடாது என்பதுதான் விதிவிலக்கு. விவசாய சங்கங்கள் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பின. கம்பெனியின் சரக்கைப் பகிஷ்கரிப்போம் என்ற குரல் எழுந்தது. "எங்களிடம் விதை வாங்கி எங்களுக்கே விற்பதாக ஒப்புக்கொண்டால் வழக்கை விட்டுவிடுகிறோம்" என்று பேரம் பேசிப் பார்த்தது கம்பெனி. எதிர்ப்பு தணியவில்லை. 2019 மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு பின்வாங்கியது.

சண்டை அதோடு முடியவில்லை. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே அதிகாரிகள் ரத்து செய்தார்கள். கம்பெனி டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. 2023 ஜூலையில் ஒரு நீதிபதி ரத்து செய்தது சரியென்றார். 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றிக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விவசாயி ஜெயித்த இடத்தை விடாமல் காக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய வார்த்தை, அனுப்பிய கணத்திலேயே கம்பெனிக்குச் சொந்தம். அதற்குக் கூலி கேட்கக் கூடாது. உங்கள் வயலில், உங்கள் வியர்வையில் விளைந்த கிழங்கோ, பறித்த பிறகும் உங்களுக்குச் சொந்தம் இல்லை. அதற்கு நீங்கள் கோடி ரூபாய் தண்டம் கட்ட வேண்டும்! நம்மிடமிருந்து அவன் எடுத்தால் அதன் பெயர் 'ஜனங்களின் பங்கேற்பு'. அவனுடையதென்று அவன் சொல்வதை நாம் தொட்டால் அதன் பெயர் திருட்டு. இதுதான் முதலாளித்துவத்தின் சொத்துரிமை தர்மம்!

"எங்கள் கம்பெனி சின்னதுதானே?"

பக்கத்து டவுன் மிக்சர் முதலாளி இங்கே குறுக்கிடலாம். "நான் பெப்சிகோவா? எண்ணெய் விலை ஏறுகிறது. பெரிய கம்பெனிக்காரன் கடைக்காரனுக்குக் கமிஷன் கொடுத்து அலமாரி முழுவதையும் பிடித்துக்கொள்கிறான். விளம்பரத்துக்கு என்னிடம் பணம் ஏது? ஜனங்களிடம்தானே நான் கேட்க முடியும்?" என்பார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிற குளத்தில்தான் அவரும் நீந்துகிறார். ஆனால் அதற்காக அவர் கண்டுபிடித்த வழி என்ன? பெரிய மீனோடு மோத அவரிடம் வலு இல்லை; ஆகவே தன்னிலும் சின்னவனிடம் இலவச உழைப்பு கேட்கிறார். மேலே பட்ட அடியைக் கீழே இறக்கிவைக்கிறார். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் பெண்களை நிறுத்திவைத்து அவர் என்ன கூலி கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கோஷத்துக்கு வாய் தேடும் முதலாளி, கூலிக்குக் கணக்கு வைத்திருக்கிறாரா? இ.எஸ்.ஐ., பி.எப். உண்டா?

இன்னொரு கேள்வியும் உண்டு. நம் வாயால் வளர்ந்த சின்னக் கம்பெனி பெரிதானால் அது யாருக்குப் போகும்? இதற்கும் தேசத்திலேயே உதாரணம் உண்டு. 1990-களில் அங்கிள் சிப்ஸ் என்ற உருளைக்கிழங்கு வறுவல் வடநாட்டில் பிரசித்தமாக இருந்தது. அமிர்த் அக்ரோ என்ற உள்நாட்டுக் கம்பெனியின் சரக்கு அது. அதன் விளம்பர அடுக்குமொழி குழந்தைகளின் நாக்கில் புரண்டது. தெருவில் ஒரு குழந்தை ஆரம்பித்தால் இன்னொன்று முடிக்கும். 2000-ல் என்ன நடந்தது? அந்தப் பெயரைப் பிரிட்டோ-லே விலைக்கு வாங்கிவிட்டது! வாங்கியது மெஷினை மட்டுமா? சட்டியை மட்டுமா? ஜனங்களின் ஞாபகத்தை விலைக்கு வாங்கியது. லட்சக்கணக்கான குழந்தைகள் சும்மா பாடிப் பாடி ஏற்றிவைத்த பெயருக்கு ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்கு விலை பேசினான். பாடிய குழந்தைக்கு ஒரு மிட்டாயாவது கிடைத்ததா?

ஆகவே மிக்சர் முதலாளியே, நாளைக்கு உமது கம்பெனியைத் திமிங்கலம் விழுங்க வரும்போது, கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கப்போவது நீர்தான். கோஷம் எழுதிய அந்த வாலிபர் அல்ல.

ஆசைக்குச் செய்தால் தப்பா?

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே! ஜனங்கள் சந்தோஷமாகத்தானே செய்கிறார்கள்?" என்பது அடுத்த வாதம்.

ஆம், சந்தோஷமாகத்தான் செய்கிறார்கள். நம் ஜனங்கள் பாட்டுக்காரர்கள். நடவு நடும் பெண் பாடாமல் நாற்றைத் தொடமாட்டாள். ஏற்றம் இறைத்தவன் எண்ணிக்கையைக்கூடப் பாட்டாக எண்ணினான். வண்டிக்காரன் தெம்மாங்கு பாடாமல் பாதை ஓடியதில்லை. ஊர்வலத்தில் நாம் போடும் கோஷத்தை எழுதியவர் யார் என்று எவருக்காவது தெரியுமா? ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார், ஆயிரம் பேர் திருப்பிச் சொல்கிறோம், ஒரு வார்த்தை மாறுகிறது, இன்னும் நன்றாகிறது. அதற்கு யாரும் பரிசு கேட்டதில்லை. ஏன்? அந்தக் கோஷத்தால் கிடைக்கும் பஞ்சப்படியும் போனஸும் கூலி உயர்வும் எல்லோருக்கும் பொது. சும்மா கொடுத்தது சும்மா போகவில்லை. நமக்கே திரும்பி வந்தது.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அந்த டீக்கடை வாலிபரின் நாக்கில் இருக்கும் திறமை இந்த ஜனங்களின் பரம்பரைச் சொத்து. எட்டு மணி நேர வேலைக்குப் பிறகும் அவருக்குள் அது சாகாமல் இருக்கிறதே, அது பெருமைக்குரியது. மில்லில் யாரும் அவரிடம் "உன் யோசனை என்ன?" என்று கேட்டதில்லை. மேஸ்திரி ஏசத்தான் தெரிந்தவர். ஆகவே ஒரு மிக்சர் பாக்கெட் "உங்கள் குரல் எங்களுக்கு வேண்டும்" என்று சொன்னதும் அவர் மனம் மலர்ந்துவிடுகிறது. அந்த ஏக்கத்தைத்தான் அவர்கள் முதலாக்குகிறார்கள். பசித்தவனின் பசியை மட்டும் அல்ல, மதிப்புக்கு ஏங்குகிறவனின் ஏக்கத்தையும் லாபமாக்கத் தெரிந்தது முதலாளித்துவம்!

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறோம். உணவுப் பண்டத்தைப் புகழ்வது விளையாட்டுக் காரியம் அல்ல. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்குக் கம்பெனி மட்டும் அல்ல, அதைப் புகழ்ந்து பேசுகிறவரும் பொறுப்பு. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. நன்றாக விசாரித்துவிட்டுத்தான் பேசினோம் என்று காட்டினால்தான் தப்பலாம். பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது. "இந்த உருண்டை சர்க்கரை வியாதியைப் போக்கும்", "இந்த மாவு பிள்ளைக்குப் புத்தி வளர்க்கும்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததை நம்பிக் கேமரா முன்னால் சொல்லிவிடாதீர்கள். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா, எங்கே தயாரித்தது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லாபம் அவனுக்கு, வம்பு உமக்கு என்று ஆகிவிடக் கூடாது.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. தேசத்திலேயே இருக்கிறது.

1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். தோழர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்கு வழிகாட்டினார். "மூடிய கடையை நீங்களே நடத்துங்கள்" என்றார். 1957-ல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு டில்லியிலும், 1958 மார்ச்சில் திருச்சூரிலும் காபி ஹவுஸ் திறந்தது. பரிமாறுகிறவரும் அடுப்படியில் நிற்பவருமே உறுப்பினர்கள், உடைமையாளர்கள். அந்த இந்தியன் காபி ஹவுஸுக்கு யார் கோஷம் எழுதினார்கள்? யாரும் எழுதவில்லை. நியாயமான விலைக்கு நல்ல காபி. அதுவே கோஷமாகி ஊரெல்லாம் பரவியது.

1959 மார்ச் 15-ல் பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் பங்காளிகள். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. வீட்டில் இருந்து எடைக் கூலிக்கு அப்பளம் இடுகிற பெண்ணுக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் நிழல் விழுவதில்லை. அதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். அந்த அப்பளத்தின் பெயர் உயர்ந்தால் அந்த லாபம் ஒரு தனி முதலாளியின் பெட்டிக்குப் போகாமல், மாவு பிசைந்த கைகளுக்கிடையே பங்காகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி தன் அப்பளத்தைப் பற்றிக் கோஷம் எழுதினால், அவள் தனக்காக எழுதுகிறாள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

செல்போனை வீசிவிடு என்று நாம் சொல்லவில்லை. பாடாதே, நடிக்காதே என்றும் சொல்லவில்லை. நான்கு விஷயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: நம்முடைய வார்த்தை உழைப்பு. கம்பெனி அதை உபயோகித்தால் கூலி தர வேண்டும். பரிசு என்பது கூலி அல்ல.

இரண்டு: தேர்ந்தெடுக்காத கோஷம் எழுதியவருக்கே சொந்தம். நம் முகத்தையும் குரலையும் சிநேகிதர்களின் நம்பர்களையும் நம் சம்மதமில்லாமல் தொடக் கூடாது.

மூன்று: பண்டத்தைப் புகழச் சொல்லும் கம்பெனியிடம், அதே இடத்தில், அதே நாலு பேர் பார்க்கும்படி கேளுங்கள்: "உங்கள் ஷெட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? என்ன கூலி? எத்தனை மணி நேரம்? கடலை விளைவித்தவனுக்கு மூட்டைக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?" வாய் திறந்தால் வாழ்த்துவோம். திறக்காவிட்டால் ஊருக்கே தெரியட்டும்!

நான்கு: சங்கத்துக்குக் கோஷம் வேண்டும். பாட்டு வேண்டும். படம் வேண்டும். ஆறு தடவை திருப்பித் திருப்பி எடுத்து அழகாக்கும் அந்தப் பொறுமை வேண்டும். இத்தனை திறமையும் மிக்சர் பாக்கெட்டுக்குப் போக விட்டது சங்கத்தின் தவறும்கூட. கேட்டு மீட்டிங்கில் பழைய கோஷத்தையே பழைய ராகத்தில் எத்தனை நாள் இழுப்பது? அந்த வாலிபரைக் கூப்பிடுங்கள். மைக்கை அவர் கையில் கொடுங்கள். மில்லுக்குள் அவர் யோசனையைக் கேட்க ஆள் இல்லை; சங்கத்திலாவது கேட்க ஆள் இருக்கட்டும்!

தோழர்களே! அவர்கள் பத்து வார்த்தையில் ஒரு கோஷம் கேட்கிறார்கள். கொடுப்போம். பத்து வார்த்தைகூட வேண்டாம். டொபீகாவில் வறுவல் வறுத்தவனும், சாபர்காண்டாவில் கிழங்கு விளைத்தவனும், நம் பக்கத்து டவுனில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் பெண்ணும் சேர்ந்து சொல்லக்கூடிய கோஷம் இது:

வறுத்த கைக்குக் கூலி கொடு!
விளைத்த கைக்கு விலை கொடு!

இதற்குப் பரிசு வேண்டாம். இதை எல்லோருக்கும் பகிருங்கள்!